‘ஆர்’ யார் தந்த பட்டம்?

(தூத்துக்குடியில் தொண்டர்கள் கூடிய அரங்கொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே! தாய்மார்களே! பெரியோர்களே! அருமைத் தோழர்களே!

தலைவராக ஒருவரே இங்கு அமர்ந்திருக்கிறார், பலர் அமர்ந்திருக்கவில்லை. ஆயினும், பலரைக் குறிக்கும் சொல்லால் அவரை விளித்தேன். கணக்கு ஆசிரியர் எவரேனும் இருந்தால், “ஒருவரைப் பலர் என்கிறாயே, எண்ணத் தெரியாதா?” என்று நகைத்திருப்பார். உங்களில் எவரும் நகைக்கவில்லை. ஏன்? அது எண்ணிக்கைப் பிழையன்று, பண்பு என்பதை நாம் அனைவரும் தாய்ப்பாலோடு அறிந்திருக்கிறோம்.

அரசியல் மேடையில் இலக்கண வகுப்பா என்று கேட்கத் தோன்றும். கேளுங்கள், கேட்கத்தான் வேண்டும். ஆனால், எவரை ‘அவர்’ என்பது, எவரை ‘அவன்’ என்பது என்னும் கேள்வி, இலக்கண ஆசிரியரின் கேள்வி மட்டுமன்று. உப்பளத்தில் பாத்தி மிதிப்பவர் கேட்கும் கேள்வி அது. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர் கேட்ட கேள்வி அது. சேரியில் பிறந்த ஒரே குற்றத்துக்காக, நரைத்த தலையோடு நின்று, பண்ணையார் வீட்டுச் சிறுவனிடம் ‘டேய்’ என்னும் விளியைக் கேட்ட முதியவர் தம் நெஞ்சுக்குள் கேட்டுக்கொண்ட கேள்வி அது. ஆகவே, ‘ஆர்’ என்னும் ஓர் இறுதியைப் பற்றி இன்று பேச விழைகிறேன். மிகச் சிறிய சொல்லுறுப்பு; ஆனால், அதற்குள் ஒரு சமுதாயத்தின் வரலாறே சுருண்டு கிடக்கிறது.

பேசும் இடமும் பொருத்தமான இடம். இந்நகரின் துறைமுகம் 1974-ஆம் ஆண்டு சூலை 11-ஆம் நாள் நாட்டின் பெருந்துறைமுகங்களில் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. 2011-ஆம் ஆண்டில் அதற்கு வ.உ.சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்டது. கவனியுங்கள் தோழர்களே! ‘சிதம்பரம்’ என்று சூட்டவில்லை. ‘சிதம்பரம் பிள்ளை’ என்றும் சூட்டவில்லை. ‘சிதம்பரனார்’ என்றே சூட்டினார்கள். எந்த நாட்டு மாலுமியாயினும், தமிழில் ஓர் எழுத்தும் அறியாதவராயினும், இத்துறைமுகத்தின் முழுப் பெயரை எழுதப் புகுந்தால், அந்த ‘ஆர்’ விகுதியையும் சேர்த்தே எழுத வேண்டும். உலகக் கடல்களில் மிதக்கும் ஒரு தமிழ் வணக்கம் அது!

அந்த ‘ஆர்’ யார் தந்த பட்டம்? அரசர் தந்ததா? பல்கலைக்கழகம் தந்ததா? வெள்ளையர் வழங்கிய ‘ராவ் பகதூர்’ போன்றதா? இல்லை. அப்படியானால், யார் தந்தது?

தொல்காப்பியர் தரும் விடை

இந்தக் கேள்விக்கு இரண்டாயிரம் ஆண்டுப் பழமை சொல்லப்படும் நம் இலக்கண நூலிலேயே விடை இருக்கிறது. தொல்காப்பியம், சொல்லதிகாரம், கிளவியாக்கம் என்னும் முதல் இயலில் ஒரு நூற்பா உண்டு. அதன் கருத்தை என் சொற்களில் கூறுகிறேன். ஒருவரைப் பன்மையால் கூறுவதும், ஒன்றனைப் பன்மையால் கூறுவதும், மக்கள் வழக்கில் தோன்றிய உயர்வுச் சொற்கள். இலக்கண நெறிப்படி அமைந்தவை அல்ல என்கிறார் தொல்காப்பியர்.

எண்ணிப் பாருங்கள். இலக்கணம் வகுக்க வந்த ஆசிரியர், தம் விதிக்கு மாறான ஒன்றைக் காண்கிறார். “இது தவறு, விலக்குக!” என்று அவர் எழுதவில்லை. “இது மக்களின் வழக்கு, உயர்த்திச் சொல்லும் சொல், என் விதியின் வழி வந்ததன்று” என்று ஒதுங்கி நின்று வழி விடுகிறார். விதி ஒரு பக்கம், மதிப்பு ஒரு பக்கம் நின்றபோது, மக்கள் மதிப்பைத் தேர்ந்தார்கள். இலக்கணம் அதனை ஏற்றுக்கொண்டது. ஆக, மதிப்புப் பன்மை என்பது மேலிருந்து கீழே வந்த சட்டமன்று. கீழிருந்து மேலே சென்ற தீர்ப்பு. மக்கள் வழங்கும் தீர்ப்பு!

இன்னொரு வியப்பையும் சொல்லுகிறேன். சிதம்பரனார் கப்பலோட்டியவர் மட்டுமல்லர். தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையைத் தேடிப் பதிப்பித்தவர். எழுத்ததிகார இளம்பூரணம் 1928-ஆம் ஆண்டில் அவருடைய உழைப்பால் வெளிவந்தது. அதற்கு முன்னரே, 1917-இல், திருக்குறள் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் எழுதிய உரையையும் பதிப்பித்தார். செக்கிழுத்த கைகள் ஏடு புரட்டின. பன்மையால் ஒருவரை உயர்த்தும் வழக்கை ஆராய்ந்த நூலில் தோய்ந்த மனிதருக்கே, அந்தப் பன்மையைப் பிற்காலத் தமிழ்நாடு சூட்டி மகிழ்ந்தது.

பெயரின் அமைப்பையும் சற்றே பிரித்துக் காண்போம். சிதம்பரன் + ஆர் என்பதே சிதம்பரனார். ‘அன்’ ஒருவனைக் குறிக்கும் இறுதி. ‘ஆர்’ பலரைக் குறிக்கும் இறுதி. ஒருமையும் பன்மையும் ஒரே பெயரில் கைகோத்து நிற்கின்றன. ஒருவன் பலருக்காக வாழ்ந்தால், அவன் பலராகிறான் என்று அந்தச் சொல்லே சொல்லுகிறதல்லவா?

குயத்தியார் பெற்ற உயர்வு

பழந்தமிழகத்தில் இந்த ‘ஆர்’ எவருக்குக் கிடைத்தது? கோட்டை உடையவருக்கு மட்டுமா? குலம் உடையவருக்கு மட்டுமா? சங்கப் புலவர் பெயர்களை எடுத்துப் பாருங்கள். மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார், தானியம் விற்றவர். உறையூர் மருத்துவன் தாமோதரனார், நோய் தீர்த்தவர். தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார், பொன்னை உருக்கியவர். இவர்கள் அனைவருக்கும் ஒரே ‘ஆர்’. தொழிலைப் பெயரோடு சொல்லுவதில் கூச்சமில்லை. தொழிலைச் சொன்ன அடுத்த நொடியே உயர்வைச் சேர்ப்பதில் தயக்கமில்லை.

இவர்களினும் சிறந்த சான்று ஒன்று உண்டு. வெண்ணிக் குயத்தியார்! வெண்ணி என்னும் ஊர், மண்பாண்டம் வனையும் குடி, பெண். வெற்றி பெற்ற கரிகாலன் முன்னே, தோற்றுப் புறப்புண் நாணி வடக்கிருந்த சேரனே நல்லவன் அல்லனோ என்னும் பொருள்பட, அஞ்சாமல் பாடியவர் அவர். அவருடைய இயற்பெயரே நமக்குக் கிடைக்கவில்லை, தொழிற்பெயர்தான் கிடைத்திருக்கிறது. அந்தத் தொழிற்பெயரின் மீதே ‘ஆர்’ ஏறி அமர்ந்திருக்கிறது. குயத்தி, குயத்தியார் ஆனார். சக்கரம் சுழற்றிய கைக்குத் தமிழ் செய்த மரியாதை அது.

இந்த ‘ஆர்’ ஆண் பெண் வேறுபாடும் பார்ப்பதில்லை. நக்கீரனாருக்கும் அதே ‘ஆர்’, ஔவையாருக்கும் அதே ‘ஆர்’. ‘அவன்’, ‘அவள்’ என்று பிரிந்து கிடப்போர், ‘அவர்’ என்னும் சொல்லில் ஒன்றாகிறார்கள். கொற்கையைத் துறையாகக் கொண்ட பாண்டியர் மரபிலே வந்த ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன், கீழ்க்குடியில் பிறந்தவரேனும் கற்றவர்க்கு மேற்குடியினரும் பணிவர் என்று பாடினான். அந்தக் கொற்கை இங்கிருந்து எட்டும் தொலைவில்தான் இருக்கிறது. ‘ஆர்’ பிறப்பைப் பார்த்துத் தரப்படுவதன்று. சிறப்பைப் பார்த்துத் தரப்படுவது என்பதை இம்மண்ணின் வேந்தனே ஒப்புக்கொண்டான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இக்கரையின் ஈகை

இந்த முத்துக்கரை மக்கள் ‘ஆர்’ வழங்குவதில் வள்ளல்கள். 1542-ஆம் ஆண்டில் போர்ச்சுக்கீசியர் வழியாக ஒரு துறவி இக்கரைக்கு வந்தார். பிரான்சிசு சேவியர் என்பது அவர் பெயர். பரதவர் குடிசைகளுக்குள் அவர் நுழைந்தார். அவர் பெயருக்குள் தமிழ் நுழைந்தது. சவேரியார் ஆகிவிட்டார்! பதுவைத் துறவி அந்தோணியார் ஆனார். பேதுரு இராயப்பரானார், பவுல் சின்னப்பரானார். ஐரோப்பாவில் பிறந்த பெயர்கள், இக்கரையில் கால் வைத்தவுடன் தமிழ்ப் பன்மை உடுத்துக்கொண்டன.

அவருக்குப் பின் வந்த அண்டிரிக்கு அடிகளார், மீனவர் நடுவே வாழ்ந்து தமிழ் கற்றார். 1578-ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சான அவரது நூலே, தமிழ் எழுத்தில் அச்சேறியதாக நமக்குக் கிடைக்கும் முதல் நூல். அதன் பெயர் என்ன தெரியுமா? ‘தம்பிரான் வணக்கம்’. உயர்ந்தோனைக் குறிக்கும் சொல் ஒன்று. வணங்குதலைக் குறிக்கும் சொல் ஒன்று. தமிழ் அச்சுக்கலையே மதிப்பைச் சொல்லும் இரண்டு சொற்களோடு கண் விழித்திருக்கிறது!

காயல்பட்டினத்து இசுலாமியப் பெருமக்களைக் கேளுங்கள். தம் தூதரை ‘நபிகள் நாயகம்’ என்பார்கள். நபி ஒருவர், ‘கள்’ பன்மை. அங்கும் அதே தமிழ் உள்ளம். கடைவீதிக்கு வாருங்கள், முன்பின் அறியாதவரையும் ‘அண்ணாச்சி’ என்று அழைக்கும் நெல்லைச் சீமை வழக்கம் இன்றும் இருக்கிறது. கோயில் வேறு, பள்ளிவாசல் வேறு, மாதா கோயில் வேறு. மதிக்கும் முறை ஒன்று. கடவுளைப் பற்றிய கருத்தில் நாம் வேறுபடலாம். மனிதனை மதிக்கும் இலக்கணத்தில் நாம் ஒரே குடும்பத்தினர்.

சல்லடையில் சலிக்கப்பட்ட மனிதர்கள்

அப்படியானால், எல்லாம் இனிதே இருந்ததா? இல்லை, தோழர்களே. இனித்தான் கசப்பான பகுதி வருகிறது.

முத்துக் குளிப்பைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இக்கரையில் அது கடைசியாக நடந்தது 1961-ஆம் ஆண்டில். கல்லைக் காலில் கட்டிக்கொண்டு, மூச்சடக்கி, பல பாகம் ஆழத்தில் இறங்கிச் சிப்பி அள்ளி வருவார் குளிப்பவர். மேலே படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கயிறு பிடிப்பவர் மைத்துனராக இருப்பது வழக்கம் என்று இக்கரையில் சொல்லுவார்கள். தங்கையின் தாலி அந்தக் கயிற்றில் தொங்குவதால் கை தளராது என்பது அதன் உட்பொருள். உயிரைப் பணயம் வைத்து எடுத்து வந்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு. ஒரு பங்கு குளித்தவருக்கு. பிறகு முத்தை எடுத்து, துளையிட்ட பித்தளைத் தட்டுகளில் இட்டுச் சலிப்பார்கள். பெரிய துளையில் விழாமல் நிற்பது மேல் தரம். சிறிய துளையிலும் விழுவது தூள்.

முத்தைச் சலிப்பது வாணிகம். மனிதரைச் சலிப்பது என்ன நீதி? சலித்தார்களே! நூற்றாண்டுக் கணக்காகச் சலித்தார்களே! பிறப்பு என்னும் துளையிட்ட தட்டில் மனிதரைக் கொட்டினார்கள். மேலே நின்றவர்க்கு ‘அவர்கள்’, ‘எசமான்’, ‘சாமி’. நடுவில் நின்றவர்க்கு ‘நீர்’, ‘அவர்’. கீழே விழுந்தவர்க்கு ‘நீ’, ‘அவன்’, ‘அது’! ஆழ்கடலில் இறங்கி ஆணிமுத்து எடுத்தவர் ‘அவன்’. அந்த முத்தைக் கழுத்தில் அணிந்தவர் ‘அவர்’. வெயிலில் உப்பு விளைவித்தவர் ‘அவன்’. அந்த உப்பைத் தின்றவர் ‘அவர்’. வெண்ணிக் குயத்தியாருக்கு ‘ஆர்’ தந்த அதே மொழியை வைத்துக்கொண்டு, அவர் பேரப்பிள்ளைகளுக்கு ‘அடி’, ‘அடா’ தந்தார்கள்.

நன்னூலார் இதனையும் கண்டிருக்கிறார். மகிழ்ச்சியாலும், உயர்வாலும், சிறப்பாலும், சினத்தாலும், இழிவாலும் பாலும் திணையும் மாறி வரும் என்கிறார். அன்பு மிகுந்தால் பசுவையும் ‘என் அம்மை வந்தாள்’ என்போம். இழிவு கருதினால் மனிதரையும் ‘அது’ என்போம். ஆக, மனிதரை அஃறிணையாக்கும் ஆற்றலும் நம் நாக்குக்கு உண்டு, அஃறிணையை அம்மையாக்கும் ஆற்றலும் உண்டு. எதனைச் செய்யப்போகிறோம் என்பதே கேள்வி.

‘மரியாதை’ என்று ஒரு சொல் வழங்குகிறது. வடமொழியில் அதன் மூலப்பொருள் எல்லை, வரம்பு, கரை என்பதாகும். எல்லை தாண்டாதே, நின்ற இடத்தில் நில் என்பது அச்சொல்லின் அடியில் கிடக்கும் கட்டளை. தமிழில் ‘மதிப்பு’ என்கிறோம். மதித்தல் என்றால் அளந்து, ஆராய்ந்து, தகுதி காணுதல். முத்தை மதிப்பது போல மனிதரின் உழைப்பை, அறிவை, ஒழுக்கத்தைக் கண்டு உணர்தல். முன்னது “உன் இடத்தில் நில்” என்கிறது. பின்னது “உன் தரம் அறிந்தேன்” என்கிறது. இரண்டும் ஒன்றா? தெருவில் துண்டை இடுப்பில் கட்டச் சொன்னது மரியாதை, ஒருபோதும் மதிப்பன்று!

சிறைக்குள் பறித்தது, சிறைக்கு வெளியே கொடுத்தது

இனிச் சிதம்பரனார் கதைக்கு வருவோம். 1872-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார், வழக்கறிஞரானார். 1906-ஆம் ஆண்டு அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் பத்து இலட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாயாக 40,000 பங்குகள். ‘காலியா’, ‘லாவோ’ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. பின்னர் இலவசமாகவே ஏற்றிச் செல்ல முன்வந்தது என்பதும் நீங்கள் அறிந்த கதை.

ஆனால், அவருக்கு ‘ஆர்’ தந்தது கப்பல் மட்டுமன்று. 1908-ஆம் ஆண்டு பிப்ரவரி 27-ஆம் நாள், இந்நகரின் கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினர். கூலி குறைவு, வேலை நேரம் மிகுதி, வார ஓய்வு இல்லை. வழக்கறிஞர் ஒருவர் தம் கறுப்பு அங்கியோடு ஆலை முதலாளியின் பக்கம் நிற்பதுதான் அக்கால நாகரிகம். இவரோ தொழிலாளர் பக்கம் நின்றார். மார்ச்சு முதல் வாரத்தில் தொழிலாளர் வென்றனர். அந்நாட்களில், சுதேசிக்கு மாறாக நின்ற வழக்கறிஞர் ஒருவருக்குப் பாதி முகம் மழித்த நிலையில் கத்தியை மடக்கிக்கொண்டு எழுந்துவிட்டார் முடிதிருத்தும் தொழிலாளி ஒருவர் என்பது, இந்நகரம் இன்றும் சொல்லி மகிழும் செய்தி. பாருங்கள்! யாரை மதிப்பது, யாரை மதியாது விடுவது என்று முடிவு செய்யும் உரிமையை, அதுவரை மதிக்கப்படாத மனிதர் தம் கையில் எடுத்துக்கொண்டார்!

மார்ச்சு 12-ஆம் நாள் சிதம்பரனார் கைதானார். மறுநாள் திருநெல்வேலி கொதித்தெழுந்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். சூலை 7-ஆம் நாள் நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். அரச நிந்தனைக்கு இருபது ஆண்டு. சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இன்னும் இருபது ஆண்டு. மேல் முறையீட்டில் தண்டனை குறைந்தது. ஆனால், கொடுமை குறையவில்லை. கோவைச் சிறை, பிறகு கண்ணனூர்ச் சிறை. மாடு இழுக்கும் செக்கை மனிதர் இழுத்தார்.

சிறை ஒரு மனிதரிடமிருந்து முதலில் எதைப் பறிக்கிறது? அவர் பெயரை! பெயரைப் பறித்து எண்ணைத் தருகிறது. வழக்கறிஞரை ‘அவன்’ ஆக்குகிறது. ஆனால், சிறைக்குள்ளும் மக்கள் இருந்தார்களே! கைதி ஒருவர் தம்மைக் கண்டு கைகூப்பி வணங்கியதையும், சிறை அதிகாரி அதனைப் பொறுக்கமாட்டாமல் தடுத்ததையும் அவர் தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். அந்தக் கைதிக்கு என்ன ஆதாயம்? கூலியா, பதவியா? குப்பிய கைக்குத் தண்டனைதான் கிடைக்கும் என்று தெரிந்தே கூப்பினார். கும்பிடு என்பது அச்சத்தால் வந்தால் அடிமைத்தனம்; அச்சத்தை மீறி வந்தால் அதுவே விடுதலை!

1912-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் வெளியே வந்தபோது கம்பெனி இல்லை, வழக்கறிஞர் உரிமமும் இல்லை, வறுமை இருந்தது. பின்னாளில் உரிமம் திரும்பக் கிடைக்க உதவியவர் நீதிபதி வாலசு என்னும் வெள்ளையர். நன்றி மறவாத சிதம்பரனார் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். வெள்ளையர் ஆட்சியை எதிர்த்தவர், நன்மை செய்த வெள்ளையரை மதித்தார். ஆட்சியிடம் பணியவில்லை, அறத்தைக் கண்டால் வணங்கினார். பணிவுக்கும் மதிப்புக்கும் உள்ள வேறுபாட்டை இதனினும் எளிதாக எவரும் விளக்க முடியாது. 1936-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள் இதே தூத்துக்குடியில் கண்மூடினார்.

வாலை அறுத்து, தலையை நிமிர்த்தி

அவருடைய பெயரோடு அக்கால வழக்கப்படி சாதிப் பட்டம் ஒன்று ஒட்டியிருந்தது. பட்டம் பிறப்பால் வந்தது, உழைக்காமல் வந்தது, அவருக்கும் வந்தது, அவரைக் காட்டிக்கொடுத்தவர்களுக்கும் வந்தது. ‘ஆர்’ அப்படி வந்ததன்று. 1929-ஆம் ஆண்டு பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, சாதிப் பட்டங்களைத் துறக்குமாறு தீர்மானித்தது. பெயருக்குப் பின்னே இருந்த வால் அறுந்தது. அந்த இடம் வெறுமையாகவா கிடந்தது? இல்லை. தகுதி கண்டு தரும் ‘ஆர்’ அங்கே வந்து அமர்ந்தது. 1938-ஆம் ஆண்டு நவம்பரில் சென்னையில் கூடிய பெண்கள் மாநாட்டில், தாய்மார்கள் ஈ.வெ.ரா.வுக்குச் சூட்டிய பெயர் ‘பெரியார்’. அரசாங்க முத்திரை அதற்கு இல்லை. ஆயினும் அது நிலைத்தது. 1967-இல் அறிஞர் அண்ணா தலைமையில் அமைந்த அரசு, ‘ஸ்ரீ’, ‘ஸ்ரீமதி’ என்பவற்றுக்கு மாற்றாகத் ‘திரு’, ‘திருமதி’, ‘செல்வி’ என்பவற்றை அலுவலகங்களில் கொண்டுவந்தது. ஆட்சித்தலைவருக்கும் ‘திரு’, மனுக் கொண்டுவரும் உழவருக்கும் ‘திரு’ என்பதே அதன் உட்பொருள்.

ஆனால், வெற்றிப் பட்டியலோடு நிறுத்திவிடக்கூடாது. 1986-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் இந்த மாவட்டம் பிறந்தபோது அதன் பெயர் சிதம்பரனார் மாவட்டம். 1997-இல் அப்பெயர் நீங்கித் தூத்துக்குடி மாவட்டம் ஆயிற்று. தலைவர்களின் பெயர் சூட்டுவதை ஒட்டிச் சாதி மோதல்கள் மூண்டன. ஆகவே, மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லாத் தலைவர் பெயர்களையும் அன்றைய அரசு நீக்க நேர்ந்தது. சிந்தியுங்கள் தோழர்களே! பலருக்காக வாழ்ந்ததால் பன்மை பெற்றவர்களை, ஒவ்வொரு கூட்டமும் தனக்கே உரிய ஒருமையாக்கிக் கொண்டது. சிலைக்குக் கூண்டு போட்டோம். அது யாருக்குப் போட்ட கூண்டு? சிதம்பரனாரை ஒரு சாதிக்குள் அடைப்பவர், அவர் பெயரிலுள்ள ‘ஆர்’ விகுதியைத் திருடுகிறார் என்பேன்.

‘தமிழன்’ என்பது குறைவா?

இந்த இடத்தில் ஓர் ஐயம் எழலாம். ம.பொ.சி. எழுதிய வரலாற்று நூலுக்கும், 1961-இல் வெளிவந்த திரைப்படத்துக்கும் பெயர் ‘கப்பலோட்டிய தமிழன்’ தானே? ‘தமிழர்’ என்று இல்லையே? மதிப்புக் குறைவா அது?

இல்லை. அன்பு மிகுந்த இடத்தில் ஒருமையே உயர்வு. கம்பன் என்கிறோம், பாரதி என்கிறோம், இளங்கோ என்கிறோம். தாயை ‘நீ’ என்கிறோம். பக்தர் தம் கடவுளை ‘நீ’ என்றே அழைக்கிறார். மறுபுறம் நோக்குங்கள். குழந்தைக் கதையில் ஏமாற்ற வரும் விலங்கு யார்? நரியார்! அங்கே ‘ஆர்’ இருக்கிறது, மதிப்பு இருக்கிறதா? ஆகவே, எழுத்தில் மட்டும் மதிப்பைத் தேடாதீர்கள். எந்த உள்ளத்திலிருந்து வருகிறது என்று பாருங்கள். நெருக்கத்தால் வரும் ‘நீ’ தேன்; இறுமாப்பால் வரும் ‘நீ’ தேள். வேறுபாடு சொல்லுபவருக்குத் தெரியாமற்போகலாம். கேட்பவருக்குக் கட்டாயம் தெரியும்.

செல்லாக் காசாகும் சொற்கள்

நம் வீட்டுக் குறையையும் நாமே பேசிவிடுவோம். முன்னாளில் ‘அவர்’ என்பதே பலரைக் குறித்தது. ஒருவரை மதிக்க அதனை எடுத்தோம். பலரைச் சொல்லச் சொல் இல்லாமற்போயிற்று; ‘கள்’ சேர்த்து ‘அவர்கள்’ என்றோம். பிறகு ‘அவர்கள்’ என்பதையும் ஒருவருக்கே கொடுத்துவிட்டோம். ‘நீர்’ போதவில்லை, ‘நீங்கள்’ வந்தது. அதுவும் போதவில்லை, ‘தாங்கள்’ வந்தது. அச்சிட்டுக் குவித்த பணத்தாள் மதிப்பிழப்பது போல, அள்ளி வீசிய மதிப்புச் சொல்லும் மதிப்பிழக்கிறது.

நம் சுவரொட்டிகளைப் பாருங்கள். ஒரு தலைவரின் பெயருக்கு முன்னே பத்து அடைமொழி. பெயர் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. அதே சுவரொட்டியை நள்ளிரவில் பசை தடவி ஒட்டிய இளைஞரை எப்படி அழைக்கிறோம்? “ஏலே, ஏணியைப் பிடி!” தலைவருக்குப் பத்து அடைமொழி தந்தவர்கள், தொண்டருக்கு ஒரு ‘ங்கள்’ தரத் தயங்குவதா? தலைவருக்கு ஒன்பதைக் குறைத்தால் அவர் சிறுத்துவிடமாட்டார். தொண்டருக்கு ஒன்றைக் கூட்டினால் அவர் நிமிர்ந்து நிற்பார். சிதம்பரனாருக்கு அடைமொழி எத்தனை? ‘ஆர்’ ஒன்றுதான். போதவில்லையா?

இரண்டு புரட்சிகள் காட்டிய வழி

உலகம் இந்தக் கேள்வியைச் சந்திக்காமல் இல்லை. பிரெஞ்சு மொழியிலும் ‘நீ’ உண்டு, ‘நீங்கள்’ உண்டு. புரட்சிக் காலத்தில், 1793-இல், மேல் கீழ் ஒழிய வேண்டுமானால் எல்லாரும் எல்லாரையும் ‘நீ’ என்றே அழைக்க வேண்டும் என்றார்கள். உயர்ந்தவரை இறக்கிச் சமன் செய்த வழி அது. நெடுநாள் நிலைக்கவில்லை.

உருசியாவில் 1917-ஆம் ஆண்டு மார்ச்சில், பெத்ரோகிராடு நகரத் தொழிலாளர் போர்வீரர் மன்றம் தன் முதல் ஆணையைப் பிறப்பித்தது. போரைப் பற்றியும் படைக்கலம் பற்றியும் பேசிய அதே ஆணையில், அதிகாரிகள் போர்வீரரை ‘நீ’ என்று அழைக்கக்கூடாது என்றொரு விதியும் இருந்தது. அதிகாரிகளைப் ‘பெருந்தகையீர்’ என்பது போன்ற பட்டங்களால் அழைப்பதும் ஒழிக்கப்பட்டது. பசியிலும் பனியிலும் நின்ற போர்வீரர்கள், உணவோடு சேர்த்து ஒரு பன்மையையும் கேட்டார்கள். வயிறு நிறைந்தால் போதும் என்று மனிதர் இருப்பதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

நமக்கு எந்த வழி? எல்லாரையும் இறக்குவதா, எல்லாரையும் ஏற்றுவதா? ஏற்றுவதே தமிழின் வழி. குயத்திக்கு ‘ஆர்’ தந்த மரபு நம்முடையது. அந்த மரபைக் குலத்தடை உடைத்தது. மீட்பது நம் கடன்.

செய்ய வேண்டியவை

சொல்லி மகிழ்ந்து கலைவதற்காக நாம் கூடவில்லை. ஆகவே, செய்யத்தக்க சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

உப்பளத்துக்குச் செல்லுங்கள். கால் வெடித்து, கண் கூசி நிற்கும் தாய்மாரை ‘அம்மா, நீங்கள்’ என்று அழைத்துப் பேசுங்கள். குடிநீர் இல்லை, நிழல் இல்லை, மழைக்காலத்தில் வேலை இல்லை என்று அவர்கள் சொல்லுவதைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘நீங்கள்’ என்று அழைத்துவிட்டுக் குறையைத் தீர்க்காமல் வந்தால், அது நரியாருக்குத் தந்த ‘ஆர்’ போன்றதுதான். மதிப்புச் சொல் ஒரு கடன் பத்திரம். கையெழுத்திட்டவர் பிறகு செலுத்தியாக வேண்டும்.

அலுவலகத்தில் நம்மவர் எவரேனும் அமர்ந்திருந்தால், மனுவோடு வரும் முதியவரை அமரச் செய்து பேசச் சொல்லுங்கள். எந்தச் சிறுவனும் எந்த முதியவரையும், அவர் எந்தத் தெருவில் வாழ்ந்தாலும், ஒருமையில் அழைக்காதிருக்கத் தம் வீட்டில் கற்றுக்கொடுக்க வேண்டியவர் பெற்றோர். துப்புரவுப் பணியாளரைப் பற்றிப் பேசும்போது, அவர் எதிரில் இல்லாதபோதும் ‘அவர்’ என்றே பேசுங்கள். மதிப்பின் மெய்ச்சோதனை ஆள் இல்லாத இடத்தில்தான் நடக்கிறது. ஏழை ஒருவர் திருடினால் ‘திருடன் பிடிபட்டான்’, செல்வர் ஒருவர் மோசடி செய்தால் ‘பிரமுகர் கைதானார்’ என்று எழுதும் பேனா நம் கையில் இருந்தால், அதனைத் திருத்துங்கள். நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் முன்பே இலக்கணம் தண்டனை தருவது முறையன்று.

யார் தந்த பட்டம் ‘ஆர்’ என்று கேட்டேன். மக்கள் தந்த பட்டம் அது. மக்களால்தான் தர முடியும். நேற்று வரை அவர்கள் சான்றோர்க்குத் தந்தார்கள். அவர்கள் தந்த பன்மையை அவர்களுக்கே திருப்பித் தரும் காலம் இது. உப்பு விளைவிப்பாரும், வலை இழுப்பாரும், சுமை தூக்குவாரும், தெரு பெருக்குவாரும் ‘அவர்’ என்று அழைக்கப்படும் நாளே, சிதம்பரனார் பெயரைத் துறைமுகத்துக்குச் சூட்டிய நாட்டுக்கு உண்மையிலேயே பெருமை தரும் நாள். அந்த நாளை அழைத்து வரும் பொறுப்பு உங்களுடையது.